எழுபது வளைவும் ஒரு துளி வியர்வையும்

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டம் காரவள்ளியைத் தாண்டினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

முதல் வளைவில் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடிக்கிறோம். நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. இருபதாவது வளைவில் பிடி தளருகிறது. நாற்பதாவது வளைவில் பலர் தூங்கிவிடுகிறார்கள். (வாந்தி எடுப்பவர்கள் கணக்கில் சேர்த்தியில்லை!)

பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. உடம்புதான் பழகிவிட்டது.

கடல் நத்தைக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி எரிக் கேண்டல் ஒருவகைக் கடல் நத்தையை ஆராய்ந்தார். லேசாகத் தொட்டால் அது செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மீண்டும் மீண்டும் தொட்டால், வரவர இழுப்பது குறையும். நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விரல் சொல்லும் சேதி

மனிதரிடம் இதை எப்படி அளப்பது? விரல்களில் இரண்டு சிறு தகடுகளைக் கட்டி, உணரமுடியாத அளவு மின்சாரம் செலுத்துகிறார்கள். திடீரென்று ஒரு சத்தம். கண்ணுக்குத் தெரியாத வியர்வை கசிகிறது. மின்சாரம் எளிதாக ஓடுகிறது. கருவியின் முள் துள்ளுகிறது! அதே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் துள்ளல் அடங்கிவிடும்.

மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் பலரிடம் முதல் சத்தத்துக்கே முள் அதிகம் அசைவதில்லை. அசைந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் தோரெல் 1987-ல் இதை எழுதினார். எல்லா நோயாளிகளும் இப்படி இல்லை. இந்தச் சோதனையை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யவும் முடியாது.

பஸ்ஸில் தூங்குகிறவருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. டிரைவர் திடீர் பிரேக் போட்டால் தூங்குகிறவர் பதறி விழித்துக்கொள்வார். புதிய சங்கதி என்றால் அவர் உடம்பு எழுந்துவிடும். மனச்சோர்வு வந்தவருக்கோ புதியதும் பழையதுபோலவே ஆகிவிடுகிறது. பேரப்பிள்ளை ஓடிவந்தாலும் முகம் மலர்வதில்லை. "கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை, எவ்வளவு திமிர்!" என்று வீட்டில் ஏச்சு விழுகிறது. விரல் நுனி வியர்வையை யாராவது திமிரால் நிறுத்த முடியுமா?

எங்கே கேட்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனால் டாக்டரிடம் போகவேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. 2022-ல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக்கூடாது.