பழைய இயந்திரப் படங்களில் மறைந்திருக்கும் பேராக் வரலாறு

பழைய புகைப்படம் என்றவுடன் திருமணப் படம், குடும்பப் படம், தலைவர்கள் வருகை தந்தபோது எடுத்த படம் ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சாலை உருளை, புல்டோசர், ஈயக் கப்பல் ஆகியவை நிற்கும் படங்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அத்தகைய படங்கள்தாம். ஆனால், பேராக் மாநிலத்தில் இந்தியத் தொழிலாளர்கள் சிந்திய உழைப்புக்குக் கண்கண்ட சான்றுகளில் இவையும் அடங்கும்.

இந்தப் படங்கள் தொழிலாளர்களுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. வாங்கிய இயந்திரம் வேலை செய்வதைக் கடல் கடந்து வாழ்ந்த பங்குதாரர்களுக்குக் காட்ட ஒரு நிறுவனம் எடுத்திருக்கும். விளம்பரத்திற்காக, விற்ற நிறுவனம் எடுத்திருக்கும். இயந்திரம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட ஆட்களைப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். படத்தின் கீழே இயந்திரத்தின் பெயர் இருக்கும். சில வேளைகளில் துரையின் பெயரும் இருக்கும். மற்றவர்கள் "கூலிகள்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் அவர்களின் முகம், உடை, கையிலிருந்த கருவி, வெறுங்கால் என எல்லாமே பதிவாகிவிட்டன.

இயந்திரமே ஆண்டைச் சொல்லும்

பின்புறம் எதுவும் எழுதாத படத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது? மனிதர்களைவிட இயந்திரம் இதற்கு எளிதாகப் பதில் சொல்லும். சாலை உருளைகளுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் நிறுவனம், பாய்ந்து நிற்கும் குதிரையைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தது. அது 1934-இல் ஏவ்லிங் பார்ஃபோர்டு என மாறியது. எனவே பார்ஃபோர்டு என்ற பெயர் தெரிந்தால், அந்தப் படம் 1934-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அதுபோலவே, கேட்டர்பில்லர் நிறுவனம் உருவானது 1925-இல்தான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓர் இயந்திரம் பல்லாண்டுகள் உழைக்கும். ஆகவே, அது படத்தின் தொடக்க எல்லையை மட்டுமே காட்டும். முடிவு எல்லையைச் சாலை, கட்டடம், உடை ஆகியவற்றைப் பார்த்தே கணிக்க வேண்டும்.

காணாமல் போன நிலம்

கிந்தா பள்ளத்தாக்கில் இத்தகைய படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பத்துகாஜா அருகே தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. அதன் எடை 4,500 டன். நீளம் 75 மீட்டர். தானே தோண்டிய குளத்தில் மிதந்தபடி, சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை அள்ளி, நீரால் அலசி, ஈயக் கனிமத்தைப் பிரித்து, மிச்ச மணலைப் பின்னால் கொட்டிவிட்டு அது முன்னேறியது. 1982-இல் அதன் வேலை நின்றது. 1985-இல் ஈயச் சந்தை சரிந்த பின்னர் ஈயலம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. இன்று ஈயக்குட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் இருக்கும் இடங்கள் முன்பு எப்படி இருந்தன என்பதை, இயந்திரத்திற்குப் பின்னால் தெரியும் காட்சியே காட்டுகிறது.

ரப்பர் தோட்டங்களின் கதையும் இதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, நகரங்களுக்கு வழிவிட்டன. லயங்கள், ரப்பர் ஆலை, மண் சாலை எல்லாம் இடிக்கப்பட்ட பிறகு, ஒரு டிராக்டரைக் காட்ட எடுத்த படத்தின் ஓரத்தில் அந்த லயம் தெரிந்தால் அதுவே ஆவணம்.

வண்ணம் பூசினால் வரலாறு மாறும்

இன்று கணினி மூலம் கறுப்பு வெள்ளைப் படத்திற்கு நொடியில் வண்ணம் பூசிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வண்ணம் வெறும் ஊகம். கேட்டர்பில்லர் டிராக்டர் என்றால் மஞ்சள் என்றே எல்லாரும் நினைப்பார்கள். 1931-இன் இறுதிவரை அந்த இயந்திரங்கள் சாம்பல் நிறத்தில்தான் வந்தன. இயந்திரத்தின் நிறமே இப்படித் தவறாகும்போது, தெளிவில்லாத முகங்களைக் கணினி "திருத்தி" வரைந்தால் அது வேறு யாரோ ஒருவரின் முகமாகிவிடும். மூலப்படத்தை மாற்றாமல் காப்பதே முக்கியம்.

என்ன செய்யலாம்?

படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் இடம், ஆண்டு, பெயர்களை எழுதலாம். பேனா மை ஊறி மறுபக்கத்திற்கு வரும். பசையுள்ள பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டுவதையும் லேமினேட் செய்வதையும் தவிர்க்க வேண்டும். ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஸ்கேன் செய்து ஒரு பிரதியைத் தனியே பாதுகாக்கலாம். தனியார் சேகரிப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகமும் ஏற்கிறது.

எல்லாவற்றையும்விட அவசரமானது பெயர்களைக் கேட்டு எழுதுவது. 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்திற்கு மண் வெட்டியவர்களின் படம் கிடைத்தாலும் அவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட இன்று ஒருவரும் இல்லை. ஈயக் கப்பலில் 1982-இல் 20 வயதில் வேலை செய்தவரோ இன்று 60 வயதைத் தாண்டியிருப்பார். படத்தில் நிற்பது யார் என்று சொல்ல அவரால் முடியும். அவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டியது பிள்ளைகளின் கடமை. இல்லாவிட்டால், இயந்திரத்தின் பெயர் நிலைக்கும். அதை இயக்கியவரின் பெயர் மறைந்துபோகும்.