சோடி இழந்த எருதைப் பராமரித்தல்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வங்காள விரிகுடாவில் எழுந்த மண்டோஸ் புயலின்போது வீசிய குளிர்காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திறந்த வெளிப் பட்டிகளில் நின்றவை விறைத்து விழுந்தன. இறந்த மாடுகளைக் கணக்கெடுத்தார்கள். நுகத்தில் ஒன்றாய்ப் பூட்டப்பட்ட சோடியில் ஒன்று இறக்க, எஞ்சி நின்ற மற்றையது எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

உழவியந்திரம் வந்தபின் எருதுகளின் தொகை குறைந்துவிட்டது மெய்யே. ஆயினும் எருவும் வைக்கோலும் விறகும் ஏற்றும் வண்டில்கள் வன்னியில் முற்றாக மறைந்துவிடவில்லை. சவாரிக்கென்று காளைகளை வளர்ப்போரும் உளர். குளிர் மட்டுமன்றி நோய், பாம்புக்கடி, களவு, விற்பனை ஆகிய எதனாலும் சோடி பிரியக்கூடும்.

பிரிந்த எருது முதலிற் கதறும். துணை சென்ற வழியையே நோக்கி நிற்கும். கட்டையைச் சுற்றிச் சுற்றி வரும், படுக்காது, அடிக்கடி சாணமிடும். சில நாட்களில் தீனி குறைந்து, அசைபோடுதலும் குறையும். இதனைக் கண்ணூறு என்பாரும், வேலைக்கள்ளம் என்று துவரங்கம்பு எடுப்பாரும் உண்டு. இரண்டும் தவறு. மாடு கூட்டமாக வாழும் பிராணி. நெடுந்தீவிற் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளும் கூட்டங்கூட்டமாகவே வாழ்கின்றன. இத்தகைய பிராணிக்குத் தனிமை என்பது ஆபத்தின் அறிகுறி. தனியே அடைக்கப்பட்ட மாட்டின் இதயத்துடிப்பு விரைவுபடுவதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டுள்ளனர். பல ஆண்டு ஒரே நுகத்தில் நடந்த எருதுக்கு இக்கலக்கம் மிகும். அடித்தால் அச்சம் இரட்டிக்குமேயன்றித் தீனி உள்ளே போகாது.

எனினும் தீனி எடாமையெல்லாம் தனிமையின் விளைவென்று எண்ணிவிடலாகாது. சோடி நோயினால் இறந்திருப்பின் அதே நோய் இதனையும் பற்றியிருக்கலாம். வாயில் நுரையோ கொப்புளமோ உண்டா, குளம்பிடுக்கிற் புண் உண்டா, தொண்டை வீங்கியுள்ளதா என்று முதலிற் பார்க்கவேண்டும். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 பாகை செல்சியஸ். காய்ச்சல் கண்டாலும், ஒரு நாள் முழுவதும் அசைபோடாது நின்றாலும், அரசாங்கக் கால்நடை வைத்தியரைத் தாமதமின்றி அழைத்தல் வேண்டும்.

நோயில்லை என்று கண்டபின் செய்யவேண்டியது, துணை கொடுத்தலே. காலபோக நெல் வயலில் நிற்கும் மாதங்களில் மாடுகளைக் காட்டோரப் பட்டிகளுக்குச் சாய்த்துவிடுவது வன்னி வழக்கம். வண்டில் எருது மட்டும் வீட்டிற் கட்டப்பட்டு நிற்கும். ஆகவே சோடி இழந்த எருதுக்கு மிகக் கொடிய காலம் இதுவே. கறவைப் பசுவையோ நாம்பனையோ அதன் கண்ணிற்படக் கட்டுதல் நன்று. அதுவும் இல்லாதவர் ஆட்டையேனும் அருகிற் கட்டலாம். மாட்டுக்கு ஈடாகாவிடினும் வெறுங்கொட்டிலைவிட அது மேல். பழகிய இடத்தை மாற்றலாகாது. தீனியும் தண்ணீரும் வழக்கமான வேளையில், வழக்கமாக வைப்பவரே வைத்தல் வேண்டும். மாடுகள் ஒன்றையொன்று நக்கும் இடமாகிய கழுத்தின் கீழ்ப்புறத்தைக் கையினால் மெல்லத் தடவிக்கொடுத்தால் எருது அமைதியுறும். காலையும் மாலையும் கயிற்றிற் பிடித்துச் சிறிது தூரம் நடத்துக. இருமாட்டு நுகத்தில் ஒன்றை மட்டும் பூட்டிப் பாரம் இழுப்பித்தல் கூடவே கூடாது. நுகம் சரிந்து கழுத்துப் புண்ணாகும்.

புதுச்சோடி வாங்குவோர் பெரும்பாலும் அவசரத்தினாலேயே கெடுகின்றனர். எருது வலத்தனாயின் வலத்தனாகவே நிற்கட்டும். வாங்குவது இடத்தனாய்ப் பழகியதாக இருக்கவேண்டும். நிறம், சுழி பார்ப்பதிலும் உயரமும் நடையும் பார்த்தலே முக்கியம். உயரம் ஒவ்வாவிடின் நுகம் ஒருபுறம் சாயும். வாங்கிவந்த மாட்டை இரு வாரமேனும் வேறாகக் கட்டி, தொட்டியும் வாளியும் வேறாக வைத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் வடமாகாணத்திற் கண்ட தோற்கழலை நோயை நினைவிற் கொள்வோர் இதனை வீண்வேலை என்று சொல்லமாட்டார். அந்நோயை ஈக்களும் நுளம்புகளும் பரப்புமாதலால், கொட்டில்களிடையே இயன்ற அளவு தூரமும் மாலையிற் புகையும் வேண்டும்.

அதன்பின் வேலிக்கு இருபுறமும் கட்டி, ஒன்றையொன்று மணந்து பார்க்க விடுக. அடுத்து, அகன்ற வெளியில் ஒன்றாய் மேயவிடுக. ஒடுங்கிய கொட்டிலில் விட்டால் தோற்ற மாடு விலகி ஓட இடமின்றிக் கொம்பினாற் குத்துப்படும். சற்றே முட்டிக்கொள்வது இயல்பு. இரத்தம் காணாதவரை விலக்கவேண்டுவதில்லை. வைக்கோலை இரண்டு இடங்களில் வைத்தால் வலியது மற்றதைத் துரத்தாது. அருகருகே படுத்து அசைபோடத் தொடங்கியபின்னரே நுகம் வைக்கலாம். முதற் சில நாட்கள் காலைக் குளிர்ச்சியில் வெறும் வண்டில், அதன்பின் அரைப்பாரம்.

புதுச்சோடி வாங்க வசதியற்றவர், வயது முதிர்ந்த எருதை அயலவரின் சிறு மந்தையோடு சேர்த்துவிடலாம். அறுவடை முடிந்து அரிதாளில் மாடுகள் மேயும் மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு வாய்ப்பானவை. மேய்ச்சல் அகலமாதலாற் சண்டை குறைவு. இரவில் மட்டும் சில நாட்களுக்குப் பழைய கொட்டிலிற் கட்டிவந்தால், அது மந்தையோடு தானாகவே நிற்கத் தொடங்கும்.