பிரசவத்திற்குப் பின் வரும் மனத்தளர்ச்சி

மகப்பேறு மகிழ்ச்சிக்குரிய நிகழ்ச்சியாயினும், தாய்மார் சிலரை அது ஆழ்ந்த சோர்வில் தள்ளிவிடுகின்றது. இதனைச் சோம்பல் என்றோ, குணக்கேடு என்றோ, காற்றுக் கருப்பின் வேலை என்றோ கொள்ளுதல் தவறு. இது ஒரு நோய். காலத்தில் கண்டறிந்தால் குணமாகக் கூடியது.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகையும் எரிச்சலும் தோன்றுதல் தாய்மார் பலரிடம் காணப்படுவதே. ஓய்வும் ஆதரவும் கிடைப்பின் இரண்டு வாரங்களுக்குள் அது தானே அடங்கிவிடும். அவ்வாறு அடங்காது நீடித்தாலும், சில வாரங்கள் கழித்துப் புதிதாகத் தோன்றினாலும், மனத்தளர்ச்சி நோயோ என ஐயுறல் வேண்டும். எதிலும் நாட்டமின்மை, குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வாராமை, பசியின்மை, தான் நல்ல தாயல்லள் என்ற குற்றவுணர்ச்சி, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியன இதன் குறிகள். சிலர் தலைவலி, உடல்வலி என்று மட்டுமே கூறுவர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. வறுமை, ஆண் மகவை விரும்பிய இடத்தில் பெண் பிறத்தல், மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, வீட்டு வேலையில் கைகொடுப்பார் இன்மை ஆகியவை இதனுடன் தொடர்புற்றிருந்தன. இறுதியாகக் கூறியது அந்தமானில் லம்பா லைன் போன்ற குடியிருப்புகளில் சிறப்பாகக் கருதத்தக்கது. தாய்வீடு தமிழ்நாட்டில் இருப்பின், சென்னையிலிருந்து கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். அந்நிலையில் கணவரும் அண்டை வீட்டாருமே தாய்வீட்டின் பொறுப்பை ஏற்றல் வேண்டும்.

ஆஷா பணியாளர் பிரசவத்திற்குப் பின் 42 நாட்களுக்குள் பலமுறை வீடு செல்கின்றனர். குழந்தையின் எடையைப் பார்ப்பதோடு நில்லாது, தாயைத் தனியே அமர்த்தி, “உங்களுக்கு உறக்கம் வருகிறதா? மனம் எப்படி இருக்கிறது?” என்று வினவுதல் நன்று. 1987இல் வெளியான எடின்பரோ வினாநிரலில் 10 வினாக்கள் உள்ளன. அதன் தமிழ் வடிவம் சோதிக்கப்பட்டு 2005இல் வெளியிடப்பட்டது. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய இறுதி வினாவிற்கு “ஒருபோதும் இல்லை” என்பதன்றி வேறு விடை வரின், மொத்த மதிப்பெண் எவ்வளவாயினும் அன்றே மருத்துவரிடம் அனுப்புக. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாணவி அடிக்கடி பள்ளிக்கு வாராதிருந்தால், ஆசிரியர் தாயின் நலத்தை விசாரித்தல் பயன் தரும்.

தாய் பொருளற்றுப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்பதாகக் கூறினாலோ, குழந்தையைப் பற்றி விபரீத எண்ணம் கொண்டாலோ அது அவசர நிலையாகும். தாயையும் சேயையும் தனியே விடாது, ஸ்ரீ விஜயபுரம் (முன்னைய போர்ட் பிளேயர்) கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்க.

ஏனையோருக்கு ஆறுதலான உரையாடல் சிகிச்சையும், வேண்டுமாயின் மருந்தும் உதவும். மருத்துவர் தேர்ந்தளிக்கும் சில மருந்துகளை உண்டவாறே தாய்ப்பால் ஊட்டலாம். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றி அழைக்கலாம். நோயுற்ற தாய் தானே உதவி நாடுதல் அரிது. ஆதலின் முதலில் வினவ வேண்டியவர் அவளைக் காணச் செல்பவரே ஆவர்.