காரணிப் பகுப்பாய்வில் அச்சுச் சுழற்சி

பல தேர்வுகளின் மதிப்பெண்களுக்கிடையே காணப்படும் ஒட்டுறவுகளைச் சில மறைகாரணிகளால் விளக்க முயலும் உளவியல் முறை காரணிப் பகுப்பாய்வு எனப்படும். இதன் முடிவில் ஒரு சுமையணி கிடைக்கும். அதன் நிரை ஒவ்வொன்றும் ஒரு தேர்வையும், நிரல் ஒவ்வொன்றும் ஒரு காரணியையும் குறிக்கும். ஆயின், இவ்வணி ஒன்றே என்று கொள்வதற்கில்லை. அச்சுகளைச் சுழற்றினால் சுமைகள் மாறும். அவை விளக்கும் ஒட்டுறவுகள் மாறா.

சொல்வளத் தேர்வின் சுமைகள் 0.8, 0.3 என்றும், எண்கணக்குத் தேர்வின் சுமைகள் 0.8, -0.3 என்றும் கொள்வோம். நிரல்தோறும் பெருக்கிக் கூட்டின் ஒட்டுறவு 0.55 ஆகும். அச்சுகளை 45 பாகை சுழற்றின், முன்னதற்கு 0.78, 0.35 எனவும், பின்னதற்கு 0.35, 0.78 எனவும் சுமைகள் அமையும். ஒட்டுறவோ அதே 0.55. முதலணியைக் காண்பார் பொதுவாற்றல் ஒன்று உண்டென்பர். மற்றதைக் காண்பார் சொல்லாற்றல் வேறு, எண்ணாற்றல் வேறு என்பர். 1904-இல் பொது அறிவாற்றலை நிறுவ முயன்ற ஸ்பியர்மனுக்கும், 1938-இல் முதன்மை ஆற்றல்கள் பலவற்றை வகுத்த தர்ஸ்டனுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டில் அச்சின் பங்கு சிறிதன்று.

எவ்வச்சு ஏற்புடைத்து? ஒவ்வொரு தேர்வும் சில காரணிகளில் மட்டும் மிக்க சுமை பெற்று, ஏனையவற்றில் சுழியை அணுகி நிற்கும் எளிய அமைப்பே வேண்டும் என்றார் தர்ஸ்டன். வரைபடத்தில் கண்ணளவாக அச்சைத் திருப்பிய காலம் அது. 1958-இல் கைசர் வெளியிட்ட வாரிமாக்ஸ் முறை, நிரல்தோறும் சுமை வர்க்கங்களின் மாறுபாட்டைப் பெருமமாக்குவது. ஆய்வாளரின் கைத்திறம் இதனால் விலகியது உண்மையே. அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு விலகவில்லை என்பது எம் கருத்து. இம்முறையில் அச்சுகள் செங்குத்தாகவே நிற்றலின், காரணிகள் தம்முள் உறவற்றவை என முன்னரே கொண்டதாகிறது.

சாய்வுச் சுழற்சி இக்கட்டினைத் தளர்த்தும். 1964-இல் ஹென்றிக்சனும் ஒயிட்டும் தந்த புரோமாக்ஸ் இவ்வகையது. மேற்காட்டிய இரு தேர்வுகளின் வழியே அச்சுகளைச் செலுத்தின், ஒவ்வொன்றும் தன் காரணியில் 0.85 சுமையும் மற்றதில் சுழியும் பெறும்; காரணிகளுக்கிடையே 0.75 ஒட்டுறவு தோன்றும். அவ்வுறவையும் விளக்கப் புகின், விலக்கப்பட்ட பொதுவாற்றல் இரண்டாம் அடுக்கில் மீண்டும் வந்து நிற்கும். தர்ஸ்டனும் பின்னர் இதற்கு இடம் தந்தார்.

மொழிநடை ஆய்வாளர்க்கும் இது புறம்பானதன்று. ஆங்கிலப் பேச்சு, எழுத்து வழக்குகளின் 67 மொழிக்கூறுகளை 1988-இல் ஆராய்ந்த டக்ளஸ் பைபர், நடைக்கூறுகள் தம்முள் உறவுடையன என்பதால் புரோமாக்ஸையே கையாண்டார். ஈடுபாட்டு நடை, செய்தி நடை என அவர் முதற் பரிமாணத்தின் இருமுனைக்கு இட்ட பெயர்கள் சுழற்றிய பின் கிடைத்த சுமைகளைக் கொண்டு எழுந்தவை.