ஆடுவோர் சொல் அம்பலம் ஏறுமா?

குழம்பில் உப்பை அளந்து போடுபவர் சமைப்பவர். ஆனால் அது கூடுதலா, குறைவா என்று சொல்ல வேண்டியவர் உண்பவரே. இணையவழிக் கணிப்பொறி விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றை ஆக்குவோர் சிலர், ஆடுவோர் பல்லாயிரவர். ஆடிப் பழகியவர்கள் சொல்லும் குறைநிறைகளை ஆக்குவோர் எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம். "விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டா. மக்கள் கையாளும் எந்த நிரலுக்கும் உரிய பாடம் இதில் உண்டு.

இணைய விளையாட்டின் தனித்தன்மை

சதுரங்கப் பலகையைச் செய்து விற்றுவிட்டால் செய்தவரின் வேலை முடிந்தது. இணைய விளையாட்டு அவ்வாறன்று. அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது; ஆடுவோர் பல நாடுகளிலிருந்து அதனோடு இணைகின்றனர். நிறுவனம் விரும்பும்போதெல்லாம் அதில் மாற்றம் செய்யலாம். ஓர் ஆயுதத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணை மாற்றினால் போதும். எல்லாருடைய ஆட்டமும் மாறிவிடும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருளும் பழகிய திறமையும் ஒரே இரவில் பயனற்றுப் போகலாம். ஆகவேதான், மாற்றும் முன் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டும் கேளாமை

கேட்டால் மட்டும் போதுமா? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தின் 'ரூன்ஸ்கேப்' 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2012 நவம்பரில் அந்நிறுவனம் அதன் சண்டை முறையை அடியோடு மாற்றியது. அதற்கு முன் சோதனைப் பதிப்பு ஒன்றை விட்டு ஆடச் செய்ததும் உண்மையே. ஆனால் பழைய ஆட்டக்காரர் பலர் காட்டிய எதிர்ப்பு அம்முடிவை மாற்றவில்லை. விளைவு, பலர் ஆட்டத்தை விட்டே விலகினர்.

நல்வாய்ப்பாக, 2007 ஆகஸ்டு மாதத்து விளையாட்டின் நகல் ஒன்று நிறுவனத்திடம் இருந்தது. "அதை மீண்டும் திறக்கலாமா?" என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தினர். ஏறத்தாழ 4,50,000 வாக்குகள் குவிந்தன. அம்மாதம் 22-ஆம் நாள் பழைய பதிப்பு திறக்கப்பட்டது. பின்னாளில் அது ஆட்டக்காரர் எண்ணிக்கையில் மூல விளையாட்டையே விஞ்சியது!

இப்பதிப்பில் ஒரு விதி வகுத்தனர். புதிய அம்சம் எதுவாயினும், வாக்களிக்கும் கட்டண உறுப்பினரில் 100-க்கு 75 பேர் இசைந்தால்தான் சேரும். 2022-இல் இது 70 ஆகக் குறைக்கப்பட்டது. கப்பலோட்டும் திறனைச் சேர்க்கும் திட்டம் 2015-இல் வாக்கெடுப்பில் தோற்றது. 2023-இல் அது மீண்டும் முன்வைக்கப்பட்டது. இம்முறை ஆட்டக்காரரின் கருத்துகளைப் படிப்படியாகக் கேட்டுத் திட்டத்தைத் திருத்தினர், வாக்கும் கிடைத்தது, சோதனைப் பதிப்புக்குப் பின் 2025 நவம்பரில் அது வெளிவந்தது. ஒருமுறை வந்த மறுப்பு, திட்டத்தைச் செப்பனிட உதவியது எனலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கிலுள்ள சிசிபி நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. அதன் 'ஈவ் ஆன்லைன்' 2003-இல் வெளிவந்தது. விண்வெளியில் வணிகமும் போரும் நிகழும் ஆட்டம் அது. நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சார்ந்த அணிக்கு முறைகேடாகச் சலுகை பெற்றது 2007-இல் வெளிப்பட, ஆட்டக்காரரின் நம்பிக்கை குலைந்தது. 2008-இல், ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 9 பேர் கொண்ட மன்றம் அமைந்தது. மன்றத்தார் இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டு, வரவிருக்கும் மாற்றங்களை முன்னரே அறிந்து கருத்துரைத்தனர்.

2011 ஜூனில் இம்மன்றத்திற்குச் சோதனை வந்தது. ஆட்டப் பாத்திரங்களுக்கான அணிகலன்களை நிறுவனம் விற்பனைக்கு வைத்தது. ஒற்றைக் கண்ணாடி ஒன்றின் விலை மட்டும் 60 டாலருக்கும் மேல்! நாளை ஆயுதங்களையும் பணத்துக்கு விற்பார்களோ என்று ஆட்டக்காரர் அஞ்சினர். ஆட்டத்திற்குள்ளேயே கூடி ஒரு நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தம் சினத்தைக் காட்டினர். மன்றத்தார் அவசரமாக ஐஸ்லாந்துக்கு அழைக்கப்பட்டனர். அக்டோபரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுதினார். அதே மாதம் ஊழியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வேலை இழந்தனர். விளையாட்டுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியுமா?

மூத்தோர் சொல்லின் எல்லை

நிற்க. பழகியவர் சொல்லை அப்படியே ஏற்பதும் தவறே. இதை நான் என் தங்கையிடம் கற்றேன்.

சென்ற பருவத்தில் பைத்தான் மொழியில் ஒரு பாம்பு விளையாட்டை எழுதினேன். அதை நாள்தோறும் ஆடிய விடுதி அறைத்தோழன், "வேகம் போதாதுடா, கூட்டு" என்றான். கூட்டினேன். மீண்டும் சொன்னான், மீண்டும் கூட்டினேன். விடுமுறையில், இரவல் மடிக்கணினியுடன் ஊருக்குப் போய்த் தங்கையை ஆடச் சொன்னேன். அரை நிமிடத்தில் மூன்று முறை தோற்றாள். "எனக்கு இதெல்லாம் வராதுண்ணா" என்று எழுந்து போய்விட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதல் கணிப்பொறியைத் தொட்டவன் நான். அடுத்து வர வேண்டியவளை நானே விரட்டிவிட்டேனே என்று அன்றிரவு வருந்தினேன்.

பிழை தோழனுடையதன்று. தேர்ந்தவன் தான் புதியவனாக இருந்த நாளை மறந்துவிடுகிறான். புதியவரோ குறை சொல்வதில்லை, பேசாமல் போய்விடுகின்றனர். வாக்கெடுப்பிலும் மன்றத்திலும் ஒலிப்பது, விலகாமல் எஞ்சியவரின் குரலே.

என்ன செய்யலாம்?

முதலாவது, குறையையும் பரிகாரத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். உப்புக் கரிக்கிறது என்று சொல்ல நாக்கு போதும்; சரிசெய்யச் சமையல் தெரிய வேண்டும். "இந்த ஆயுதத்தை நீக்கு" என்பார் ஆட்டக்காரர். அதன் விலையை உயர்த்தினாலே குறை தீரக்கூடும்.

இரண்டாவது, சர்வரில் பதிவாகும் விவரங்களைப் பார்க்க வேண்டும். புதியவர் எந்தக் கட்டத்தில் ஆட்டத்தை விடுகிறார் என்பதை அவை காட்டும்.

மூன்றாவது, ஏற்றதையும் மறுத்ததையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் அறிந்தவர், தம் கருத்து ஏற்கப்படாவிடினும் அடுத்த முறை பேச முன்வருவார்.

என் விளையாட்டில் இப்போது பாம்பு மெல்லத் தொடங்குகிறது. ஒவ்வோர் ஐந்து பழத்துக்கும் வேகம் சிறிது கூடுகிறது. பொங்கலுக்குச் சென்றபோது தங்கையை மீண்டும் ஆடச் சொல்லி, எதுவும் பேசாமல் அருகில் அமர்ந்து பார்த்தேன். இருபது நிமிடம் ஆடினாள். தோழனுக்கும் கடைசிக் கட்ட வேகம் நிறைவளிக்கிறது.

மாணவத் தோழர்களே! நாளை நம்மில் சிலர் நூலகத்துக்கோ, மருத்துவமனைக்கோ, கூட்டுறவு வங்கிக்கோ நிரல் எழுதக்கூடும். அங்கே நாள்தோறும் அதைக் கையாளும் எழுத்தரைக் கேட்போம். முதன்முறையாக வந்து தயங்கி நிற்கும் முதியவரையும் கவனிப்போம். ஆடுவோர் சொல் அம்பலம் ஏறட்டும். அத்துடன், சொல்லத் தெரியாமல் திரும்பிப் போகிறவரின் குறையும் அங்கே பேசப்படட்டும்.