மின்சார பஸ்: ஓர் இல்லத்தரசியின் கணக்கு

வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்குவதென்றாலே நாம் ஒரு மாதம் யோசிக்கிறோம். விலை என்ன, கரண்ட் எவ்வளவு இழுக்கும், ரிப்பேர் ஆனால் பார்க்க ஆள் உண்டா, சமையலறையில் எங்கே வைப்பது என்று நாலு பேரிடம் கேட்ட பிறகுதான் பர்ஸைத் திறக்கிறோம். ஒரு நகரமே தன் பஸ்களை மாற்றுகிறது என்றால் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

சென்னையில் அந்த மாற்றம் தொடங்கிவிட்டது. 2019 ஆகஸ்டில் சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் இடையே ஒரு மின்சார பஸ்ஸை விட்டு வெள்ளோட்டம் பார்த்தார்கள். பிறகு 2025 ஜூன் 30 அன்று, உலக வங்கியின் உதவியோடு நடக்கும் திட்டத்தில், வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் புறப்பட்டன.

"அதையெல்லாம் ஆபீசருங்க பார்த்துப்பாங்க, நமக்கெதுக்கு?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இடுப்பில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாக பஸ்ஸுக்கு நிற்பது நாம்தானே, அக்கா? நமக்கில்லாமல் வேறு யாருக்கு?

பிள்ளைகளின் மூச்சு

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடல் எடைக்கு அவர்கள் இழுக்கும் காற்று அதிகம். அதோடு, நாலு வயதுப் பிள்ளையின் மூக்கு நம் இடுப்பு உயரத்தில், புகைக்குழாய்க்குக் கிட்டே இருக்கிறது.

என் தங்கை மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு. பஸ் ஸ்டாப்பில் அவன் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பாள். முந்தானை தூசியைக் கொஞ்சம் தடுக்கும். டீசல் புகையில் இருக்கும் நுண்துகளை அது தடுக்காது. மின்சார பஸ்ஸில் புகைக்குழாயே கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வரவேற்கலாம்.

ஆனால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியில் வந்தால், நம் தெருப் புகையில் ஒரு பங்கு எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்துப் பிள்ளைகளின் மூச்சுக்குப் போகிறது. காற்றாலையிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் கிடைக்கும் மின்சாரம் கூடக் கூடத்தான் பஸ் முழுசாகச் சுத்தமாகும்.

விலை வேறு, செலவு வேறு

மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட மிக அதிகம். விலையை மட்டும் பார்த்தால் "ஐயையோ" என்றுதான் சொல்லத் தோன்றும். விறகடுப்பு மலிவு, காஸ் அடுப்பு விலை என்று நம் அம்மாக்கள் காலத்தில் சொன்ன மாதிரிதான் இதுவும்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். டீசல் பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட 50 லிட்டர், அதாவது 4,500 ரூபாய். மின்சார பஸ் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் எடுக்கிறது, யூனிட் 8 ரூபாய் என்றால் அதே தூரத்துக்கு 260 யூனிட், 2,080 ரூபாய். ஒரு நாளில் மிச்சம் 2,420 ரூபாய்!

சரி, அந்த பஸ் 100 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால்? மிச்சம் பாதியாகி 1,210 ரூபாய்க்கு வந்துவிடும். போட்ட முதலோ குறையாது. பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். மின்சார பஸ்ஸை நிறுத்தி வைத்தால் நஷ்டம்தான். அது ஓட ஓடத்தான் காசு திரும்பும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

வழித்தடம்: ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். நெரிசல், ஏ.சி., ஏப்ரல் மே வெயில் எல்லாம் அதில் கை வைக்கும். எந்தத் தடத்துக்கு எந்த பஸ் என்று முன்பே தீர்மானிக்க வேண்டும்.

சார்ஜ் போடும் இடம்: நூறு பஸ்களுக்கு ஒரே ராத்திரியில் கரண்ட் ஏற்ற வேண்டுமென்றால் பணிமனைக்குத் தனி மின்பாதை வேண்டும். பஸ் வந்த பிறகு இதைத் தேடக் கூடாது.

மழை: 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் சென்னைப் பெண்கள் மறப்போமா? சார்ஜர்களை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்களா என்பது முக்கியமான கேள்வி.

பாட்டரி: பழைய செல்போன் மாதிரி இதுவும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் தளரும். அப்போது மாற்றித் தருவது யார் பொறுப்பு? ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பஸ்களை மொத்தமாக மின்சாரத்துக்கு மாற்றியது. அரசு மானியம் கொடுத்தது. மின்கட்டணம் குறைவான ராத்திரி நேரத்தில் சார்ஜ் செய்தார்கள். பாட்டரிக்கு பஸ் தயாரித்தவர்களையே பல வருஷங்களுக்கு உத்தரவாதம் தர வைத்தார்கள். அவர்கள் ஜெயித்ததற்கு இந்த முன்யோசனை ஒரு பெரிய காரணம்.

ஓடத் தொடங்கிய பின்

கொடியசைத்த நாளில் எந்த பஸ்ஸும் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வருஷம் கழித்துப் பார்க்க வேண்டும். அதே தடத்தில் முன்னால் ஓடிய டீசல் பஸ்ஸோடு ஒப்பிட வேண்டும். தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்? எத்தனை தடவை வழியில் நின்றது?

சென்னைத் திட்டத்தில் பஸ்ஸை வாங்கிப் பராமரிப்பதும் டிரைவரை நியமிப்பதும் ஒப்பந்தக் கம்பெனி. கண்டக்டரும் டிக்கெட் பணமும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கொடுக்கிறது. அதனால் பால் கணக்கு எழுதுவது போல கிலோமீட்டர் கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுதான்: ஸ்டாப்பில் நாம் காத்திருக்கும் நேரம். இரண்டு பழைய பஸ்ஸை எடுத்துவிட்டு ஒரு புது பஸ்ஸை விட்டால், பத்து நிமிஷம் நின்றவள் இருபது நிமிஷம் நிற்பாள். ஒரு மாதம் பொறுப்பாள். அப்புறம் ஆட்டோ பிடிப்பாள், இல்லாவிட்டால் வீட்டில் இன்னொரு ஸ்கூட்டர் வாங்குவார்கள். போன புகை திரும்ப வந்துவிடும். புகை இல்லாத பஸ் மட்டும் போதாது, அது அடிக்கடியும் வர வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, சகோதரிகளே. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே உங்கள் தடத்து பஸ் எத்தனை நிமிஷத்தில் வந்தது, ஏற வசதியாக இருந்ததா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, அந்தக் குறிப்போடு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். வெறும் குறையைவிடத் தேதியும் நேரமும் போட்ட குறைக்கு மதிப்பு அதிகம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தினமும் அந்த ஸ்டாப்பில் நிற்பவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்?