அடிக்கடி வீசிங், எந்நேரமும் அழுகை... உங்கள் குழந்தைக்கு அது அடம்தானா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய வாடகை வீடுகளில் பகல் தூக்கம் என்பது பெரிய விஷயம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தூங்க வேண்டும். அதே அறையில், ராத்திரி முழுக்க இருமிய மூன்று வயதுக் குழந்தை சிணுங்கிக்கொண்டிருக்கும். தட்டைத் தள்ளிவிடும், இடுப்பை விட்டு இறங்காது, சட்டை மாட்டினால்கூட அழும். "சரியான அடம்" என்பார்கள் பக்கத்து வீட்டில். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்பார் மாமியார். பழி கடைசியில் அம்மா தலையில்தான் விழும்.

ஆனால், சின்ன வயதிலேயே அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் குழந்தை சிடுசிடுப்பாக இருந்தால், காரணத்தை முதலில் அதன் உடம்பில்தான் தேட வேண்டும்.

வீசிங்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக்குள் வரும் வீசிங்கைப் பெரும்பாலும் கிளப்பிவிடுவது சாதாரண சளி வைரஸ். ஆலைப் புகை, லாரி கிளப்பும் தூசி, வீட்டுக்குள் கொசுவர்த்தி, சாம்பிராணி எல்லாம் சேர்ந்து அதை மோசமாக்கும். போகி அன்று காலையில் கேட்கவே வேண்டாம். இருமல் பெரும்பாலும் ராத்திரியில்தான் கூடும். நாலு முறை எழுந்து இருமிய குழந்தை மறுநாள் சிரித்துக்கொண்டு விளையாடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பெரியவர்களுக்கே ஒரு ராத்திரித் தூக்கம் போனால் எரிச்சல் வருகிறது.

மருந்தும் காரணமாகலாம்

இதைப் பல பெற்றோர் யோசிப்பதே இல்லை. வீசிங்குக்குத் தரும் சால்பியூட்டமால், சில குழந்தைகளுக்குக் கை நடுக்கம், படபடப்பு, நிலைகொள்ளாமை ஆகியவற்றைத் தரும். சிரப்பாகக் கொடுக்கும்போது இது கூடுதல். கணக்கைப் பாருங்கள். 5 மி.லி. சிரப்பில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 0.1 மில்லிகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு, அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது. ஆனாலும் "இன்ஹேலர் பழகிடும், கடைசி வரைக்கும் விடாது" என்ற பயத்தில் சிரப் பாட்டிலையே கேட்டு வாங்குபவர்கள் நிறைய. இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல. சிறு வயதில் வீசிங் வந்த குழந்தைகளில் பலருக்குப் பள்ளிக்குப் போகும் வயதில் தொந்தரவு தானாகக் குறைந்துவிடுகிறது.

இன்னொரு மருந்து மான்டிலூகாஸ்ட். எரிச்சல், கெட்ட கனவு, தூக்கக் கலக்கம் போன்ற மனநிலை மாற்றங்கள் வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்குத் தன் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் வராது. மருந்து தொடங்கிய பிறகுதான் குணம் மாறியது என்று தோன்றினால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தசோகையையும் மறக்கக் கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த குழந்தை சோர்ந்து போகும், சாப்பாட்டில் விருப்பம் இருக்காது, தொட்டதற்கெல்லாம் சிணுங்கும். இந்த வயதினருக்கு வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் தருவது அரசுத் திட்டம். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி பயம்

1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அம்மாவுக்குக் கூடவே தங்க அனுமதியில்லை. கொஞ்ச நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்து வழக்கம் அது. குழந்தை அமைதியாக இருந்தால் 'பழகிவிட்டது' என்று நினைத்தார்கள். அது பழக்கமல்ல, உள்ளுக்குள் உடைந்துபோனது என்று அந்தப் படம் காட்டியது. டாக்டர்கள் முதலில் கோபப்பட்டார்கள். 1959-ல் பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்கச் சொன்னது.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் அம்மா பக்கத்திலேயே இருப்பார், அந்த வகையில் நிம்மதி. ஆனாலும் ஊசி, ட்ரிப்ஸ், முகத்தில் அமுக்கிய நெபுலைசர் மாஸ்க் எல்லாம் குழந்தைக்கு மறக்காது. வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் ஒட்டிக்கொள்வது, படுக்கையை நனைப்பது, தூக்கத்தில் திடுக்கிடுவது, விட்ட பால் பாட்டிலை மறுபடி கேட்பது எல்லாம் சகஜம். இந்த நேரத்தில் "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிறோமே, அதைவிடக் கெடுதல் வேறில்லை. அடுத்த முறை அதே டாக்டரிடம்தானே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

மாஸ்க் வைத்த ஸ்பேசரை மருந்தில்லாத நேரத்தில் பொம்மைக்கு வைத்து விளையாட விடுங்கள். மருந்து கொடுக்கும்போது மடியில் உட்கார வைத்து, ஐந்தாறு மூச்சை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள். அழும் குழந்தைக்கு அமுக்கிப் பிடித்துக் கொடுத்தால் மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போகாது. இந்த வேலையை அப்பாக்களும் செய்யலாம், ஆலையில் போட்டிருந்த உடுப்பை மாற்றிவிட்டு. அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் மருந்து மாதிரி.

அலைச்சலும் சின்னதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து மாற வேண்டும். மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் வேறு ரயில் பாதையில் இருக்கிறது; ரயிலில் என்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அதனால் பக்கத்தில் தொடங்குங்கள். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். பேச்சு, நடை, கேட்கும் திறன் என எதில் சந்தேகம் இருந்தாலும் அவர்களிடம் காட்டலாம். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள்.

எல்லா அழுகைக்கும் காத்திருக்க முடியாது. குழந்தை தூங்கும்போது செல்போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குகிறது, பால் குடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, அல்லது அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று துவண்டு அமைதியாகிவிட்டது என்றால், விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.